சுவரில் ஒட்டிய தாளும் அம்மாவின் பால் கணக்குக் கொப்பியும்

வன்னியில் சுகாதாரத்துக்கும் சித்த மருத்துவத்துக்கும் பொறுப்பாக இருக்கும் அதிகாரிகளுக்கு,

போன மாதம் அண்ணாவைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனபோது, மருந்து கொடுக்கும் யன்னலுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு தாள் ஒட்டியிருந்தது. சிகிச்சையில் இருப்பவர்கள் நாட்டு மருந்து, மூலிகைச் சாறு, குளிகை எதையும் பாவிப்பது முற்றாகத் தடை என்றும், மீறுவோருக்கு வரும் பாதிப்புக்கு வைத்தியசாலை பொறுப்பேற்காது என்றும் அதில் இருந்தது. கீழே ஒரு கையொப்பம், ஒரு முத்திரை. எனக்கு முன்னால் வரிசையில் நின்ற வயதான அம்மா ஒருவர் அதை எழுத்துக்கூட்டி வாசித்தார். பிறகு தன் கைப்பைக்குள் இருந்த சின்னப் போத்தலை ஒரு துணியில் சுற்றி, பையின் அடிக்குத் தள்ளினார். உங்கள் தாள் செய்த வேலை அதுதான். அவர் போத்தலை எறியவில்லை, ஒளித்தார்.

நான் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். மூலிகைக்கு வக்காலத்து வாங்குவதற்காக இதை எழுதவில்லை. அந்தத் தாள் ஒட்டப்பட்டதற்கு எங்கள் வீட்டில் நடந்ததும் ஒரு காரணம் என்று அங்கே வேலை செய்பவர் ஒருவர் சொன்னார். அப்படியென்றால் நடந்தது என்ன என்று நானும் சொல்ல வேண்டும்.

அண்ணாவுக்குச் சென்ற வருடம் காசநோய் பிடித்தது. பெப்ரவரி 3 இல் மருந்து தொடங்கினார்கள். ஐசோனியசிட், ரிபாம்பிசின், பைரசினமைட், எதாம்பியூட்டோல் என்ற நான்கும் இரண்டு மாதம், பிறகு முதல் இரண்டும் நான்கு மாதம். வழக்கமான ஆறு மாதச் சிகிச்சை. தொடங்கும்போது, வேறு மருந்து ஏதும் எடுக்கிறீர்களா என்று கேட்டார்கள். இல்லை என்றார். அவர் பொய் சொல்லவில்லை. 2009 இல் பட்ட ஷெல்லில் இரண்டு துண்டு இன்னும் அவருடைய முதுகில் கிடக்கிறது. வயலில் குனிந்து நிமிர்ந்த நாட்களில் ஆறு, எட்டு என்று பனடோல் நோவுக் குளிகை போடுவார். கடையில் சவர்க்காரத்துக்குப் பக்கத்தில் தொங்குகிற அட்டையை யார் மருந்து என்று நினைப்பது? கேட்டவர்களும் "பனடோல்?" என்று ஒரு சொல் கூடுதலாகக் கேட்கவில்லை.

மார்ச் 10 அளவில் சாப்பாடு பிடிக்கவில்லை என்றார். காலையில் சத்தி. மருந்து எடுக்கப் போன இடத்தில் சொன்னபோது "காஸ்ரிக்" என்று ஒரு குளிகை கொடுத்து விட்டார்கள். சலம் கடும் நிறமாகப் போகிறது என்றும் சொல்லியிருக்கிறார். அதற்கு, இந்த மருந்துக்கு அப்படித்தான் போகும் என்று பதில். அதுவும் சரிதான். ரிபாம்பிசின் எடுத்தால் சலம் செம்மஞ்சளாகும், அது கெடுதல் இல்லை. ஆனால் செங்கமாரிக்கும், அதாவது மஞ்சட்காமாலைக்கும், சலம் கடும் நிறமாகும். இரண்டையும் பிரித்து அறிய அந்த இடத்திலேயே செய்யக்கூடிய எளிய வழி கண் வெள்ளையைப் பார்ப்பது. அன்று யாரும் அண்ணாவின் கண்ணைப் பார்க்கவில்லை. மார்ச் 17 இல் அம்மாதான் முற்றத்து வெளிச்சத்தில் பார்த்து, "தம்பி, கண் மஞ்சளாக் கிடக்கடா" என்றார்.

அதன் பிறகுதான் அம்மா கிணற்றடியில் நின்ற கீழ்க்காய்நெல்லியைப் பிடுங்கினார். வேரோடு கழுவி, அம்மியில் அரைத்து, ஒரு நெல்லிக்காய் அளவு உருட்டி, ஆட்டுப்பாலில் கரைத்துக் கொடுத்தார். மூன்று நாள். மார்ச் 22 இல் அண்ணா எழும்ப முடியாமல் கிடந்தார், வாட்டில் சேர்த்தோம். எஸ்.ஜி.பி.டி 640. ஈரல் கெடும்போது இரத்தத்தில் ஏறும் நொதியத்தின் அளவு அது, நாற்பதுக்குள் இருக்க வேண்டிய எண். மிசி ஒருவர் அம்மாவின் கை விரல்களில் பச்சைச் சாயம் இருந்ததைப் பார்த்துவிட்டார்.

"என்னம்மா குடுத்தனீங்கள்?"

"ஒண்டும் குடுக்கேல்லைப் பிள்ளை."

பிறகு டொக்டர் வந்து கேட்டபோது உண்மையைச் சொன்னார். வாட்டில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி ஏச்சு விழுந்தது. "நீங்கள்தான் உங்கட மகனின்ர ஈரலைக் கெடுத்தனீங்கள்." என் அம்மாவுக்கு 72 வயது. போருக்குள்ளே மூன்று பிள்ளைகளைக் காப்பாற்றிக் கொண்டுவந்த மனுசி. அன்று வீட்டுக்கு வந்து, கிணற்றடியில் நின்ற அவ்வளவு செடியையும் பிடுங்கி எரித்தார்.

நோயாளரின் கொப்பியில் "நாட்டு மருந்தால் ஏற்பட்ட ஈரல் பாதிப்பு" என்று எழுதினீர்கள். எந்தச் செடி, எந்தத் திகதியிலிருந்து, எவ்வளவு என்று அதில் ஒரு வரிகூட இல்லை. நான் தேடினேன். அம்மா ஆட்டுப்பால் வாங்குவது பக்கத்து வளவில். அதற்கு ஒரு கணக்குக் கொப்பி வைத்திருக்கிறார். அதில் மார்ச் 19 க்கு முதல் பால் வாங்கிய பதிவே இல்லை. 19, 20, 21 மூன்று நாளும் அரைப் போத்தல். சத்தி தொடங்கியது 10 இல், கண் மஞ்சளானது 17 இல், செடி வயிற்றுக்குள் போனது 19 இல். ஈரல் கெட்ட பிறகு கொடுத்த ஒன்று எப்படி ஈரலைக் கெடுத்திருக்கும்? கூடுதலாகக் கெடுத்ததா என்று வேண்டுமானால் கேட்கலாம். அந்தக் கேள்விக்குப் பதில் தேட உங்களிடம் ஒரு திகதியும் இருக்கவில்லை.

மருந்துகளை நிறுத்தியதும் அண்ணாவின் எண்கள் இறங்கின. பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பத் தொடங்கினீர்கள், தாங்கிக்கொண்டார். அதை நன்றாகச் செய்தீர்கள். அம்மாவின் செடிதான் காப்பாற்றியது என்று எங்கள் தெருவில் சிலர் சொல்கிறார்கள். நான் அதற்கும் தலையாட்டவில்லை. மருந்தை நிறுத்தினாலே பெரும்பாலும் ஈரல் தானாக ஆறும். கெடுத்ததும் அதுதான், காப்பாற்றியதும் அதுதான் என்று இரண்டு பக்கமும் ஒரே செடியைப் பிடித்து இழுக்கிறார்கள், இரண்டு பேரின் கையிலும் சான்று இல்லை.

சரி, இந்தச் செடிகளைப் பற்றி உண்மையில் என்ன தெரியும்? இங்கே நான் சற்று நின்று சொல்ல வேண்டும்.

ஈரல் ஒரு மருந்தை உடைக்கும்போது சில நேரம் மருந்தைவிட நச்சான துண்டுகள் பிறக்கின்றன. பனடோலில் இது நன்றாகத் தெரிந்த கதை. அதில் உள்ள பரசிட்டமோலின் ஒரு சிறு பங்கு நச்சுப் பொருளாக மாறும். ஈரலில் இருக்கும் குளுட்டாதயோன் அதைப் பிடித்துச் செயலிழக்கச் செய்யும். நம் ஊர்க் கணக்கில் சொன்னால், குளத்தில் தண்ணீர் இருக்கும் வரை வயல் காயாது. அளவுக்கு மேல் பனடோல் போட்டால், பட்டினி கிடந்தால், தொடர்ந்து கசிப்புக் குடித்தால் குளம் வற்றும். வற்றிய பிறகு அந்த நச்சு ஈரல் கலத்தின் புரதங்களில் ஒட்டிக்கொள்ளும், ஒட்சியேற்றச் சிதைவு தொடங்கும், கலம் சாகும். கடும் பனடோல் நஞ்சாதலில் முதல் நாள் ஆள் சும்மா இருப்பார். ஈரல் விழுவது இரண்டாம், மூன்றாம் நாளில். அதற்கு நீங்கள் கொடுக்கும் என்-அசிற்றைல்சிஸ்ரீன் செய்வது வற்றிய குளத்தை நிரப்புவதுதான். எட்டு மணித்தியாலத்துக்குள் கொடுத்தால் மிக நன்றாக வேலை செய்யும். ஆகவே, ஒட்சியேற்றத்தைத் தடுத்து ஈரலைக் காக்கலாம் என்பது பாட்டி வைத்தியக் கற்பனை இல்லை. உங்கள் அலுமாரியிலேயே அதற்கு ஊசி இருக்கிறது.

செடிச் சாறுகளிலும் இதைத்தான் தேடுகிறார்கள். கீழ்க்காய்நெல்லி, மஞ்சள், முருங்கை இலை, ஐரோப்பியரின் பால்முட்செடி என்று பலவற்றின் சாறு எலிகளில் பார்க்கப்பட்டிருக்கிறது. குளுட்டாதயோன் குறையாமல் நிற்கிறது, நொதியங்கள் அவ்வளவு ஏறவில்லை, ஈரல் வெட்டுமுகம் சுத்தமாக இருக்கிறது என்று எழுதுகிறார்கள். அதை நான் நம்புகிறேன். ஆனால் அந்த எலிகளுக்குப் பெரும்பாலும் சாற்றை முதலில் நாட்கணக்காகக் கொடுத்துவிட்டு, பிறகுதான் கிலோவுக்கு 2 கிராம் அளவில் பரசிட்டமோலை ஒரே தடவையில் கொடுப்பார்கள். எங்கள் வீட்டில் நடந்தது நேர் மாறு. நஞ்சு முதலில், சாறு பிறகு. அளவும் வேறு. எலிக்குக் கிலோவுக்கு 400 மில்லிகிராம் என்று கொடுத்ததை மனிதருக்கு மாற்றும் வழக்கமான கணக்கில் போட்டால், 60 கிலோ ஆளுக்கு நாளுக்குக் கிட்டத்தட்ட 4 கிராம் இறுக்கி உலர்த்திய சாறு வரும். அம்மாவின் நெல்லிக்காய் அளவு உருண்டைக்கும் அதற்கும் தொடர்பே இல்லை.

மனிதர்களில் பார்த்த ஆய்வும் உண்டு. குஜராத்தில் செய்து 2008 இல் வெளியான ஒன்றில், காசநோய் மருந்து எடுத்த 192 பேரில் 27 பேருக்கு ஈரல் பாதித்தது. மருந்தோடு மஞ்சள் சாறும் சீந்தில் சாறும் எடுத்த 316 பேரில் இரண்டே பேருக்கு. வாசித்தபோது எனக்கும் மயிர் கூச்செறிந்தது. ஆனால் இதே சீந்தில்தான் 2021 இல் வேறு மாதிரி வந்தது. கொரோனாக் காலத்தில் மும்பையில் சீந்தில் குடித்த ஆறு பேருக்கு ஈரல் அழற்சி வந்ததாக அங்குள்ள வைத்தியர்கள் அறிக்கை எழுதினார்கள். அது சீந்திலே இல்லை, அதே பேரினத்தில் இன்னொரு கொடியாக இருக்கலாம் என்று, அங்கே ஆயுர்வேதம், சித்தம் போன்றவற்றுக்குப் பொறுப்பான இந்திய ஆயுஷ் அமைச்சு மறுத்தது. மறுப்புச் சரியோ பிழையோ, நான் பிடித்துக்கொள்வது அதில் உள்ள கேள்வியை. கொடி எது என்று யார் பார்த்தது? எங்கள் ஊரிலும் கீழ்க்காய்நெல்லிக்குப் பக்கத்தில், தண்டு சிவந்து, காய் சொரசொரப்பாக இன்னொரு செடி முளைக்கிறது. அம்மாவுக்கு வித்தியாசம் தெரியும். என் மாணவர்களில் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது.

கீழ்க்காய்நெல்லியின் புகழுக்கும் ஒரு கதை உண்டு. 1988 இல் சென்னை ஆய்வாளர்கள் லான்செட்டில் எழுதினார்கள். மஞ்சட்காமாலைக் கிருமி பி வகையைச் சுமந்தவர்களில், இந்தச் செடித் தூள் எடுத்த 37 பேரில் 22 பேருக்குக் கிருமியின் அடையாளம் இரத்தத்தில் இல்லாமல் போனது, மருந்தில்லாத வெறும் குளிகை எடுத்த 23 பேரில் ஒருவருக்கு மட்டும் போனது என்று. பிறகு வேறு நாடுகளில் செய்தபோது அப்படி வரவில்லை. அதுவும் கிருமி பற்றியது, மருந்தால் வரும் சேதம் பற்றியது இல்லை. ஆனால் எங்கள் கடைகளில் விற்கும் குளிகைப் போத்தல்களில் எல்லாமே ஒன்றாகக் கலந்து "ஆராய்ச்சியில் நிரூபிக்கப்பட்டது" என்று ஒரு வரியாக நிற்கிறது.

இந்த இடத்தில் சித்த மருத்துவப் பக்கம் பொறுப்பாக இருப்பவர்களிடம் திரும்புகிறேன். ஏச்சு வாங்கியது அம்மா, ஆனால் கேள்வி உங்களுக்கும் இருக்கிறது. 1961 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டத்தின் கீழ் சித்த மருத்துவமும் வருகிறது. சட்டம் இருக்கும் நாட்டில், எந்தச் செடி, எந்தப் பாகம், எப்போது செய்தது என்று எதுவும் இல்லாத "ஈரல் காப்பு" குளிகையை ஒருவர் மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து எங்கள் சனசமூக நிலையத்தில் விற்றுவிட்டுப் போகிறார். 60 குளிகை 1,800 ரூபாய். காசநோய், சலரோகம், பிரஷர் எந்த மருந்தோடும் எடுக்கலாம் என்கிறார். எந்த மருந்தோடும் எடுக்கலாம் என்று ஒரு பொருளைப் பற்றிச் சொல்ல எப்படித் துணிவு வருகிறது? சமையல் மிளகில் உள்ள பைப்பரின் ரிபாம்பிசின் உடம்பில் சேர்வதைக் கூட்டுகிறது. அதை வைத்தே இந்தியாவில் ரிபாம்பிசின் அளவை 450 இலிருந்து 200 மில்லிகிராமாகக் குறைத்து ஒரு கூட்டுக் குளிகை விற்பனைக்கு வந்தது. மிளகுக்கே அந்தச் சக்தி இருக்கும்போது, பெயர் தெரியாத பத்துச் செடி சேர்ந்த குளிகைக்கு?

முன்பு எங்கள் கிராமத்துச் சித்த மருந்தகத்தில் ஒரு வைத்தியர் கிழமைக்கு மூன்று நாள் இருந்தார். செடியைக் கொண்டுபோய்க் காட்டினால் இது வேண்டாம், அது இல்லை என்று சொல்லுவார். "ஆஸ்பத்திரி மருந்து என்ன எடுக்கிறியள், கொப்பியைக் கொண்டுவாங்கோ" என்றும் கேட்பார். இப்போது அங்கே ஒரு நாள்தான் வைத்தியர், அதுவும் நிச்சயமில்லை. பின்னால் இருந்த மூலிகைத் தோட்டத்தை டோசர் விட்டுத் தட்டி வாகனம் நிறுத்துகிறார்கள். ஒரு நாளில் இரண்டு வாகனம் வந்தால் அதிகம்.

தெல்லிப்பழைக்குப் புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் போய்வருபவர்களும் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்து சிறுநீரகத்தை ஒட்சியேற்றத்தால் தாக்குகிறது என்பதைக் கேள்விப்பட்டு, அதைத் தடுக்கச் சாறு குடிப்பவரை எனக்குத் தெரியும். அந்த மருந்து புற்றுக் கலத்தைத் தாக்குவதிலும் ஒட்சியேற்றத்துக்குப் பங்கு உண்டு. சிறுநீரகத்தைக் காக்கும் சாறு புற்றையும் காத்தால்? அவர் இதை டொக்டரிடம் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, தாள் சுவரில் இருக்கிறது. அண்ணாவுக்குப் பக்கத்துக் கட்டிலில் இருந்தவரின் மனைவியும் ஒவ்வொரு பின்னேரமும் பிளாஸ்க்கில் ஒன்று கொண்டுவருவார். கொத்தமல்லித் தண்ணி என்பார். கொத்தமல்லி மணம் எனக்குத் தெரியும்.

ஆகவே நான் கேட்பது இவை.

அந்தத் தாளைக் கழற்றுங்கள். அதே இடத்தில் வேறொன்று ஒட்டுங்கள்: பனடோல், மூலிகை, குளிகை, லேகியம், கசிப்பு எதுவாக இருந்தாலும் சொல்லுங்கள், முடிந்தால் கொண்டுவந்து காட்டுங்கள், யாரும் ஏசமாட்டார்கள் என்று. கடைசிச் சொற்களைப் பெரிதாக எழுதுங்கள், பிறகு அதன்படி நடவுங்கள்.

சிகிச்சைக் கொப்பியில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். வேறு என்ன எடுக்கிறார், எந்தத் திகதியிலிருந்து, எவ்வளவு. "வேறு மருந்து உண்டா" என்று பொதுவாகக் கேட்காமல் பெயர் சொல்லிக் கேளுங்கள். ஷெல் துண்டோடு வாழ்பவர்கள் நிறைந்த இடம் இது. நோவுக்கு என்ன போடுகிறீர்கள் என்று எங்கள் ஒவ்வொருவரிடமும் கேட்க வேண்டும்.

காசநோய் மருந்து தொடங்குமுன் ஒரு தடவை ஈரல் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். குடிப்பவர்கள், நோவு மருந்து போடுபவர்கள், ஏற்கெனவே ஈரல் நோய் உள்ளவர்களுக்கு முதல் இரண்டு மாதத்தில் திரும்பத் திரும்பச் செய்யுங்கள். சாப்பாடு வெறுத்தால், சத்தி வந்தால், கண் மஞ்சளானால் அடுத்த திகதி வரை காத்திருக்காமல் அன்றே வாருங்கள் என்று மருந்து கொடுக்கும் ஒவ்வொரு முறையும் வாயால் சொல்லுங்கள். அப்படி வருபவரை காஸ்ரிக் குளிகையோடு திருப்பி அனுப்பவேண்டாம்.

சித்த மருத்துவப் பக்கம்: எங்கள் மருந்தகத்துக்குப் பழையபடி மூன்று நாள் வைத்தியர் வேண்டும். தோட்டம் முழுவதும் திரும்ப வராவிட்டாலும் பத்துச் சாடியில் பத்துச் செடி, பெயர்ப்பலகையோடு, பக்கத்தில் தவறாகப் பிடுங்கக்கூடிய செடியும் வைக்க வேண்டும். என் மாணவர்களைக் கொண்டு தண்ணீர் ஊற்றுவிக்கும் பொறுப்பு என்னுடையது. "ஈரல் காப்பு" என்று விற்பனைக்கு வருபவரிடம் என்ன செடி, யார் செய்தது, எங்கே பதிந்தது என்று கேட்டு, பதில் இல்லாவிட்டால் அந்தப் பொருளைத் தடுங்கள். தடை போட வேண்டுமென்றால் அங்கே போடுங்கள்.

மாதம் ஒரு நாள் இரண்டு பக்கத்து வைத்தியர்களும் ஒரே மேசையில் இருந்து அந்தக் கொப்பிப் பக்கங்களைப் பாருங்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மருத்துவமும் இருக்கிறது, சித்த மருத்துவமும் இருக்கிறது. ஒரு வருடப் பதிவைக் கொண்டுபோய்க் கொடுத்தால், எதைச் சோதிக்கலாம், எதைக் கைவிடலாம் என்று அவர்களால் சொல்ல முடியும். குஜராத்தில் பார்த்ததை இங்கேயும் முறையாகப் பார்க்க முடியாதென்று யாரும் விதிக்கவில்லை.

இன்னொன்று. அண்ணாவின் கொப்பியில் எழுதிய அந்த வரியைத் திருத்துங்கள். திகதிகளைப் போட்டு, காசநோய் மருந்து, பனடோல், மூலிகை மூன்றையும் வரிசைப்படி எழுதி, எது என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்று எழுதினால் போதும். அம்மாவுக்கு அதை நான் வாசித்துக் காட்ட வேண்டும்.

அடுத்த கிளினிக் வரும் மாதம் இரண்டாவது செவ்வாய். அம்மாவும் வருவார். எரித்த இடத்துக்குப் பக்கத்தில், மழைக்குப் பிறகு, கீழ்க்காய்நெல்லி மறுபடி முளைத்திருக்கிறது. ஒன்றை வேரோடு பிடுங்கி, ஈரக் கடதாசியில் சுற்றி, பால் கொப்பியோடு எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன். வாங்கிப் பாருங்கள், 19 ஆம் திகதிப் பக்கத்தில் மூலை மடித்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
வன்னியிலிருந்து ஒரு விஞ்ஞான ஆசிரியை